ஆட்சேபணை இல்லை

அத்தியாயம் 9

நான் பல் டாக்டரிடம் கிளம்பும்போது என் கணவர் கேட்டது, வலி எந்தப் பக்கம் என்றுதான். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டுக் குத்தியது. அதனால் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் கையில் யாருடைய அலமாரிச் சாவியோ பாதி அராவியபடி இருந்தது. டாக்டர் பிடுங்க வேண்டும் என்றால் உடனே தலையை ஆட்டிவிடாதே, என்னை ஒரு வார்த்தை கேள் என்றார். எதையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு. பல்லைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அப்போது மணி பதினொன்றே கால். நான் திரும்பி வந்தது ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. நடுவில் நடந்ததைப் போன வாரங்களில் எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தெம்பு இல்லை. இப்போதுதான் படிக்க வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சோப்புக்கட்டியில் ஒரு சாவியை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வந்து, இதற்கு ஒரு சாவி வெட்டிக் கொடு என்றார்கள். யார் வீட்டுச் சாவி என்று கேட்டார். சொல்லவில்லை. முடியாது என்றார். மூன்று தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை, அடுத்த முறை கேட்கிற விதம் வேறாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் புகார் கொடுத்தார். பலன் இல்லை. துப்பாக்கிக்கு மனு போட்டார். பதினோரு மாதம் அலைந்து லைசென்ஸ் வாங்கினார். அவரைச் சுட்டவன் எந்த ஆபீஸ் வாசலிலும் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டான்.

துப்பாக்கி வருவதற்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன். பாங்க் லாக்கர் மாதிரி இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற பெட்டியில் அது இருக்க வேண்டும். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். கோபத்தில் ஒரு மனிதன் எடுக்கக் கூடாத பொருள் அது என்று எனக்குப் பட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் உட்கார்ந்து தானே அந்தப் பெட்டியைச் செய்தார். ஊரில் எந்தப் பூட்டையும் கம்பியை விட்டே திறந்துவிடுகிறவர், இதை மட்டும் தன்னாலேயே சாவி இல்லாமல் திறக்க முடியவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

நான்காம் தடவை அவர்கள் வந்தபோது என் சாவி என் கைப்பையில் இருந்தது. கைப்பை பல் டாக்டரின் நாற்காலிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் எங்கோ ஒரு வீட்டில் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பெட்டிக்கு முன்னால்தான் கண்டெடுத்தார்கள். இடது துவாரத்தில் அவர் சாவி இருந்தது. வலது துவாரம் காலியாக இருந்தது.

இதை என்னிடம் யாரும் சொல்லிக் காட்டியதில்லை. அவர் போன எழுபத்திரண்டாம் நாள் வரைக்கும்.

அன்றைக்குப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் போகக் காவலர் வருவதாக ஏற்பாடு. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு யாராவது தன் பெயருக்கு மாற்றக் கேட்டால், மற்ற வாரிசுகள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டது என் மகள். மற்ற வாரிசுகள் என்றால் நான் ஒருத்திதான்.

இருபத்தாறு வயது அவளுக்கு. படிப்பு முடிந்து நான்கு வருடமாக அப்பாவோடு கடையில் இருந்தவள். இப்போது கடையே அவள்தான். அந்தத் தாளை மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் உப்பு எடுக்கும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன காவலர் பத்தாகியும் வரவில்லை. கொழுந்தனார் தன் பள்ளிக்கூட வேனைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. வயசுப் பெண் கையில் எதற்கு, ஆம்பளை நான் இருக்கிறேனே என்று அதையே நான்கு விதமாகச் சொன்னார். மகள் சாவி வெட்டும் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“துப்பாக்கி உங்க வீட்டுல இருக்கும். நீங்க வேன்ல இருப்பீங்க. நான் இங்க இருப்பேன். இதுல யாரு யாரைக் காப்பாத்தறது சித்தப்பா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்துப் போடுகிற இரண்டு பையன்கள். 

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு ஆள், நல்ல உயரம், இரண்டே எட்டில் கவுன்டருக்கு வந்துவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. மகள் கையில் சுத்தியல் எப்போது ஏறியது என்று நான் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே ஓங்கியிருந்தது. கொழுந்தனார் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

அந்த ஆள் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளே பாதி வழுக்கை, நிறைய வியர்வை, கையில் உடைந்துபோன ஒரு பைக் சாவி.

“இங்க வேலை சுத்தமா இருக்கும்னு சொன்னாங்க. இவ்வளவுன்னு சொல்லலையே” என்றான்.

மகள் சுத்தியலை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். உடைந்த இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துப் பார்த்து, பத்தே நிமிடத்தில் புதுச்சாவி வெட்டிக் கொடுத்தாள். அவன் போனபிறகு, கையில் இருந்தது சுத்தியலாக இல்லாமல் இருந்திருந்தால் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“அடிச்சேனாம்மா?” என்றாள். “சுத்தியலும் ஆளைக் கொல்லும். நான் அடிச்சேனா?”

அடிக்கவில்லைதான். பார்த்தாள், புரிந்துகொண்டாள், கீழே வைத்தாள். நான் பார்த்தது ஓங்கிய கையை. அவள் பேசியது வைத்த கையைப் பற்றி. இரண்டுமே அந்த நான்கு விநாடிக்குள் நடந்தவை. யாருக்கு எந்த விநாடி பெரிதாகத் தெரிகிறது என்பதில் வந்து நின்றது எங்கள் சண்டை.

காவலர் பத்தே முக்காலுக்கு வந்தார். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீல் காகிதத்தைக் கிழித்தார். என் கணவருடைய சாவியை ஒரு கவருக்குள்ளிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தார். நான் என்னுடையதைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவள் இடது பக்கம். நான் வலது பக்கம். ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சரியாகத் திருப்பினோம்.

பெட்டி சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றிய துப்பாக்கி. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் தோட்டாக்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

காவலர் எண்ணைச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். துப்பாக்கியை அவர் அதிகம் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார். இந்த மாதிரி ஒன்று ஸ்டேஷனுக்குச் செய்து தர முடியுமா, எங்களிடம் இருப்பது ஆணியை விட்டாலே திறந்துகொள்கிறது என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் கேட்டார். மகள் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டாள். செய்தவர் இல்லை என்று கொழுந்தனார் சொன்னார்.

மதியம் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனோம். நீளமான தாழ்வாரம், சுவரை ஒட்டி இரும்பு நாற்காலிகள், மூன்று கவுன்டரில் ஒன்றில்தான் ஆள். கொழுந்தனாருக்கு அங்கே எல்லோரையும் தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே போனதும் ஒருவர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேனை எடுத்து வேறு இடத்தில் போடச் சொல்லத்தான்.

கவுன்டரில் இருந்த அம்மாள் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடினார். மரியாதையாகத்தான் பேசினார். மகளின் மனுவை வரிவரியாகப் படித்தார். உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறாய், ஆதாரம் என்ன என்று கேட்டார். மகள் அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தள்ளினாள்.

“இது அவருக்கு இருந்த ஆபத்துக்கு ஆதாரம்மா. உனக்கு இருக்கிறதுக்கு?”

நான் அந்த இரும்பு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதே ஆபீஸ். அதே கேள்வியை என் கணவரிடமும் கேட்டிருப்பார்கள். பதினோரு மாதம் அவர் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் செத்ததுதான் முழு ஆதாரம். அதுவும் செல்லாது என்றால் வேறு என்ன கொண்டுவருவது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் மகள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் ரசீது. புகார் பெற்றுக்கொண்டதற்கு. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொழுந்தனாரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

தாழ்வாரத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவன் கடைக்கு வந்தானாம். பழைய இரண்டு பேரில் ஒருவன் இல்லை, புது ஆள். பேப்பரில் சுற்றிய சோப்புக்கட்டியைக் கவுன்டரில் வைத்தானாம். அவள் பிரித்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். பழைய அச்சை அப்பா கையில் வைத்துப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவள் அவள். அதே ஐந்து வெட்டு, மூன்றாவது மட்டும் ஆழம். அதே சாவி. உங்க அப்பா முடிக்காம விட்ட வேலை என்றானாம். அவசரம் இல்லை, ஒரு மாதம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சோப்பை வைத்துவிட்டே போனானாம். அதைத்தான் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறாள். போலீஸ் ஒரு தடவை கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நான் மார்க்கெட்டில் இருந்த நேரம்.

ஒரு மாதம் என்றால் அடுத்த வாரம்.

“என்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“சொன்னா கடையை மூடுன்னு சொல்லுவே. மூடிட்டு நான் எங்க போறது? அவனுக்குக் கடையா வேணும்? சாவி வெட்டத் தெரிஞ்ச கை வேணும். அது எங்க போனாலும் என்கூடத்தான் வரும்.”

கொழுந்தனார் உடனே முடிவு கட்டிவிட்டார். அண்ணி, கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். தன் பெயருக்கு வேண்டாமாம், பாப்பா பெயருக்கே இருக்கட்டுமாம். காலையிலிருந்து அவர் பேசியதையெல்லாம் அவரே மறந்துவிட்டார். பயம் மனிதனை எவ்வளவு சீக்கிரம் பக்கம் மாற்றுகிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலும் பயத்தில் வந்ததுதான்.

சரி என்றேன். போடுகிறேன். ஆனால் அதே பெட்டி, அதே இரண்டு சாவி.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த ரெண்டாவது சாவியாலதான் அப்பா செத்தாரு.”

சத்தம் போடவில்லை. திட்டவும் இல்லை. எழுபத்திரண்டு நாள் வாயில் அடக்கி வைத்திருந்ததைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். தாழ்வாரத்தில் யாரோ தும்மினார்கள். கொழுந்தனார் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரிகளில் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரே சாவியாக இருந்திருந்தாலும் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, டப்பாவைத் திறந்து, தோட்டா போட எத்தனை விநாடி ஆகும். பெட்டிப் பக்கம் திரும்பாமல் கையைத் தூக்கியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். ஒருவேளை, ஒருவேளை. நியாயங்களுக்குக் குறைவே இல்லை. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

“இனிமே நான் கடையிலேயே உட்கார்றேன்” என்றேன். “காலையில திறக்கறதுலேர்ந்து மூடற வரைக்கும். சாவி என் கையிலயே இருக்கும். உன் பக்கத்துலயே இருப்பேன்.”

“பல் வலிச்சா?”

கேட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. அம்மா என்றாள். என் கையைப் பிடித்தாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.  

கவுன்டருக்குத் திரும்பப் போனேன். மனுவோடு இருந்த அந்த ‘ஆட்சேபணை இல்லை’ தாளை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஒரு வரி எழுதினேன்: துப்பாக்கியை இரண்டு சாவிகள் கொண்ட பெட்டியில் வைப்பதாக இருந்தால் மட்டும். அந்த அம்மாள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இதுல நிபந்தனைக்கு இடம் இல்லைம்மா. ஆட்சேபணை உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான்.”

உண்டும் இருக்கிறது, இல்லையும் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்மா, ஆனால் தாளில் ஒன்றைத்தான் எழுத முடியும் என்றார். புதிதாக ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான்கு மணிக்குக் கவுன்டர் மூடிவிடும் என்பதையும் சொன்னார். சுவரில் மூன்று ஐம்பது.

அந்தப் பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மகள் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டாள். உள்ளே வந்து கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. என் பெண் கையில் அந்த மஞ்சள் துணி மூட்டையை நினைத்துப் பார்த்தேன். பிறகு வெறும் கையோடு பெட்டிக்கு முன்னால் அவள் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். இரண்டாவதை என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை. ஏனென்றால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பொய்க் கையெழுத்து போலக் கோணலாக வந்தது. என் அடையாள அட்டையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் முத்திரை குத்தினார்.

எப்போது கிடைக்கும் என்று கொழுந்தனார் கேட்டார். போலீஸ் அறிக்கை வர வேண்டும், மேலே போக வேண்டும், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், எட்டு மாதம், அதிகம் போனால் ஒன்பது என்றார் அந்த அம்மாள். போன தடவைக்கு இந்தத் தடவை பரவாயில்லை என்று நாங்கள் சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் ஒருவன் சாவி வாங்கிக்கொள்ள வரப்போகிறான். அதை நான் சொன்னேன். அந்த அம்மாள் மறுபடி நெற்றிக்கு ஏறியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

“அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்கம்மா.”

மகள் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். முத்திரை குத்திய தாளைப் பார்த்தாள். எட்டு மாதம் என்று கொழுந்தனார் சொன்னார்.  நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறக்கிறாய் என்று நான் கேட்டேன். வழக்கம் போல ஒன்பது என்றாள். நானும் வருகிறேன் என்றேன். 

மனு வந்ததைக் குறித்துக்கொள்ள அந்த அம்மாள் பெரிய பதிவேடு ஒன்றைத் தூக்கி வைத்துப் பிரித்தார். விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வரிசையில் நிறுத்தினார். ஓரத்தில் பென்சிலால் இன்றைய தேதியை மட்டும் போட்டார். இறந்துவிட்டார் என்று எழுதமாட்டீர்களா என்று கேட்டேன். உத்தரவு வந்தால்தான் பதிவேட்டில் கை வைக்கலாம், அதுவரை இருப்பது இருந்தபடியே இருக்கும் என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகத்தான் படிக்க முடிந்தது. என் கணவர் பெயர் இருந்தது. தந்தை பெயர், கடை முகவரி, துப்பாக்கி எண் எல்லாம் சரியாக இருந்தன. தொழில் என்ற இடத்தில் பூட்டுப் பழுது பார்ப்பவர் என்று இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், என்ன நோக்கத்துக்காக என்று கேட்டிருந்த இடத்தில், அவருடைய கையெழுத்திலேயே ஒரே வார்த்தை, அடித்தல் திருத்தல் இல்லாமல்: தற்காப்பு.